இரண்டு பற்களுக்கு நடுவே

இரவு உணவு முடிந்ததும் எங்கள் வீட்டில் மூவரும் கண்ணாடி முன் வரிசையாக நின்று பல்லிடுக்குகளில் நூல் விடுவது கடந்த மூன்றாண்டுகளாக வழக்கம். முதலில் மகள்; அடுத்து நாங்கள் இருவர். ஒருமுறை வந்து தங்கியிருந்த அத்தை இந்தக் காட்சியைக் கண்டு, “பல்லுக்குத் தையல் போடுதியளா?” என்று கேட்டார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உள்ள கதையை அன்று அவரிடம் சொல்லவில்லை. அதை எழுதிப் பார்க்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்களுக்குப் பல் மருத்துவத்தில் எவ்விதத் தேர்ச்சியும் கிடையாது. புத்தகங்களை வாசிப்பதும், வாசித்தவற்றைக் குறித்து நண்பர்களோடு நள்ளிரவு வரை வாதிடுவதுமே நாங்கள் அறிந்த கலை. ஒரே பிரதியை இருவர் வாசித்தால் இரண்டு பொருள் கிடைக்கும் என்று இலக்கியக் கூட்டங்களில் வெகு சுலபமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அந்த வாக்கியத்தின் கனத்தை எங்களுக்குக் கற்பித்தது 31 மில்லிமீட்டருக்கு 41 மில்லிமீட்டர் அளவேயுள்ள ஓர் எக்ஸ்ரே படம்.

மகளுக்கு 10 வயதானபோது பள்ளியில் ஒரு பல் மருத்துவ முகாம் நடந்தது. கடைவாய்ப் பற்கள் மிக நெருக்கமாக இருப்பதால் ‘பைட்விங்’ எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினார்கள். நாங்கள் டார்ச் விளக்கை எடுத்து மகளின் வாய்க்குள் பார்த்தோம். பற்கள் பளீரென்று இருந்தன. பல்லுக்கு முல்லையரும்பை உவமை சொல்லிச் சொல்லிப் பழகிய மரபில் வந்தவர்கள் நாம். அரும்பின் வெளிப்புறத்தைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. “வலியே இல்லாத குழந்தைக்கு எதற்குக் கதிர்வீச்சு?” என்று எங்களில் ஒருவர் கேட்க, மற்றவர் ஆமோதிக்க, சீட்டு மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

அந்தக் கோடை விடுமுறையில் வழக்கம்போல் மணவாளக்குறிச்சியில் உறவினர் வீட்டில் இரண்டு வாரம் தங்கினோம். நாகர்கோவிலிலிருந்து அதிக தூரமில்லை. கடற்கரையின் கருமணலில் மகள் நாள்தோறும் வீடு கட்டி விளையாடினாள். அந்த மணலில் மோனசைட் கலந்திருப்பதும், அதிலுள்ள தோரியத்தால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைக் காட்டிலும் அதிகம் என்பதும் எங்கள் பக்கத்தில் அனைவரும் அறிந்த செய்தி. நாங்களும் அறிவோம். ஆனால் கடற்கரை பழகிய இடம். எக்ஸ்ரே கருவி பழகாத பொருள். அச்சம் அளவைப் பார்த்து வருவதில்லை போலும்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. குளிர்ந்த நீர் குடித்தால் கீழ்த்தாடையின் வலப்புறம் கூசுகிறது என்றாள் மகள். கடைத்தெருவில் புதிதாகத் திறந்திருந்த பல் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். அங்கேதான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மறுத்த அந்தப் படத்தை எடுத்தார்கள்.

மெல்லிய உறையிட்ட சிறு தகடு ஒன்று. அதன் நடுவிலிருந்து ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. நாக்குக்கும் பற்களுக்கும் இடையில் தகட்டை நிறுத்தி, நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை இரண்டு வரிசைப் பற்களாலும் கடித்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். அந்தத் துண்டுதான் சிறகு. ‘கடிசிறகு’ என்று நாங்களே தமிழாக்கி வைத்துக்கொண்டோம். கன்னத்துக்கு வெளியிலிருந்து ஒரு கணம் கதிர் பாய்கிறது. மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒரே படத்தில் எதிரெதிரே விழுகின்றன. வேரின் நுனி இதில் தெரியாது. அதற்கு வேறு வகைப் படம் எடுக்க வேண்டும். இதில் தெரிவன பல்லின் தலைப்பகுதி, பக்கத்துப் பற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடுக்கு, பற்களைத் தாங்கி நிற்கும் எலும்பின் மேல்விளிம்பு ஆகியவையே. கண்ணுக்கோ மருத்துவரின் சிறு கண்ணாடிக்கோ எட்டாத இடம் அந்த இடுக்கு. உணவுத் துணுக்கு தங்குவதும், கிருமிகள் அதைப் புளிக்க வைத்து அமிலமாக்குவதும், அமிலம் பல்லின் கனிமத்தைக் கரைப்பதும் பெரும்பாலும் அங்கேதான் சந்தடியில்லாமல் நடக்கின்றன. மேலிருந்து பார்ப்பவருக்குப் பல் முழுமையாகவே தெரியும்.

பிற்பாடு ஆர்வத்தால் தேடிப் படித்ததில் இந்தச் சிறகின் வரலாறும் தெரியவந்தது. ரோன்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே ஓட்டோ வால்க்ஹாஃப் என்ற ஜெர்மானியப் பல் மருத்துவர் தம் பற்களைப் படம் எடுத்துவிட்டார்; அதற்காக அவர் 25 நிமிடங்கள் கதிரின் முன் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் இந்தக் கலையின் முன்னோடியான எட்மண்ட் கெல்ஸ், குழாயின் கதிர் சரியாக வருகிறதா என்று பார்க்கத் தம் கையையே அதன் முன் நீட்டிப் பழகியவர். அந்தக் கையைப் புற்று தின்றது. அறுவை மேல் அறுவையாக விரல்களை இழந்து, பின் கையையும் இழந்து, 1928-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எங்கள் அச்சத்துக்கு மூதாதை ஒருவர் உண்டு என்று அறிந்தபோது அதை முற்றிலும் எள்ளி நகையாட முடியவில்லை. கடித்துப் பிடிக்கும் சிறகை 1925-இல் அறிமுகப்படுத்தியவர் ஹோவர்ட் ரேப்பர் என்ற அமெரிக்கர். வலி வந்த பிறகு காரணம் தேடுவதைக் காட்டிலும், வலி வருமுன்பே பார்த்துவிடுவதே அவருடைய நோக்கமாக இருந்தது. நாங்கள் தவறவிட்டதும் அதைத்தான்.

கதைக்குத் திரும்புவோம். கடைத்தெரு மருத்துவமனையின் இளம் மருத்துவர் கணினித் திரையில் படங்களைக் காட்டினார். எனாமல் வெளுப்பாகவும், அதனுள் டென்டின் சாம்பல் நிறமாகவும், நடுவில் உயிர்க்கூழ் இருக்கும் அறை கறுப்பாகவும் தெரிந்தன. கதிரைத் தடுப்பது வெளுக்கும், தடுக்காதது கறுக்கும். ஆகவே கனிமம் கரைந்த இடமும் கறுத்தே தெரியும். அவர் விறுவிறுவென்று ஐந்து வட்டங்கள் வரைந்தார். “அஞ்சு இடத்துல சொத்தை இருக்கு மேடம். அஞ்சையும் அடைச்சிரலாம்” என்றார். மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். கையில் தரப்பட்ட மதிப்பீட்டுச் சீட்டின் தொகை எங்கள் ஒரு மாத வீட்டு வாடகையைத் தாண்டியிருந்தது.

முல்லையரும்புகளில் ஐந்து சொத்தைகள்! நாங்கள் நம்பவில்லை. படங்களின் நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியேறினோம். இது பகற்கொள்ளை என்று அன்று மாலையே நான்கைந்து நண்பர்களிடம் சொல்லியும் விட்டோம்.

மறுவாரம், வீட்டின் முன்னறையிலேயே நெடுங்காலமாக மருத்துவம் பார்த்துவந்த முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் அறையின் சன்னலைச் சாத்திவிட்டு, திரையில் படங்களைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, “மக்களே, வாயைத் தொற” என்று மகளிடம் சொல்லி, ஒவ்வொரு பல்லையும் காற்றூதி உலர்த்திப் பார்த்தார். மறுபடியும் படத்துக்குப் போனார். மறுபடியும் வாய்க்கு வந்தார். ஒரு கவிதையை இப்படித் திரும்பத் திரும்பப் பார்க்கும் பொறுமை எங்களுக்கு எப்போதாவது இருந்திருக்கிறதா என்று யோசித்தோம்.

“படத்தை மட்டும் பார்த்து வைத்தியம் பண்ணப்பிடாது. பல்லை மட்டும் பார்த்தும் பண்ணப்பிடாது” என்று தொடங்கினார்.

முதல் வட்டம் கீழ்வரிசை வலப்புறத்து முதல் கடைவாய்ப்பல்லில் இருந்தது. கறுப்பு எனாமலைக் கடந்து டென்டினுக்குள் பரவியிருந்தது. அதை உடனே அடைத்தாக வேண்டும். தாமதித்தால் வேர் சிகிச்சை வரை போகும் என்றார்.

இரண்டாவதும் மூன்றாவதும் மேல்வரிசை இடப்புறத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இரு பற்களில் இருந்தன. அங்கே கறுப்பு, எனாமலின் தடிப்புக்குள்ளேயே நின்றிருந்தது. அத்தகைய இடம் கரைந்திருக்கிறதே தவிர உடைந்து குழியாகியிருக்க வேண்டியதில்லை. உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும், பற்பசையின் ஃபுளோரைடும் துணை நின்றால் கரைவது நின்று மீண்டும் இறுகவும் கூடும். குழி விழுந்திருக்கிறதா இல்லையா என்பதைப் படம் திட்டவட்டமாகச் சொல்லாது. ஆகையால் அவர் அவ்விரு பற்களுக்கும் நடுவே சிறு ரப்பர் வளையம் ஒன்றைச் செருகி, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். வளையம் பற்களை மயிரிழை அளவு விலக்கியிருந்தது. அந்த இடைவெளியில் விளக்கைப் பாய்ச்சிப் பார்த்து, மேற்பரப்பு உடையவில்லை, வெண்புள்ளியாக மட்டும் இருக்கிறது என்றார். “ஒரு தடவை துளை போட்டுட்டா அந்தப் பல் ஆயுசுக்கும் அடைச்ச பல்லுதான். அடைப்பு கழரும், திரும்ப அடைக்கணும், குழி பெருசாயிட்டே போவும். அதனால கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.”

நான்காவது வட்டம் வெறும் தோற்றம். எனாமல் முடிந்த இடத்துக்கும் எலும்பு தொடங்கும் இடத்துக்கும் நடுவில் பல்லின் கழுத்து இருக்கிறது. அங்கே கதிரைத் தடுக்கும் பொருள் குறைவு. மேலும் கீழும் வெளுப்பு சூழ்ந்திருப்பதால் அந்தக் கழுத்து சொத்தையைப் போலவே கறுத்துக் காட்டும். வெளுப்பும் சாம்பலும் சந்திக்கும் கோட்டில், இல்லாத ஒரு கருமையைக் கண்ணே வரைந்துகொள்ளும் மாயமும் உண்டு. ஏர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளரின் பெயரால் அதை மாக் பட்டை என்கிறார்கள். பார்க்கிற கண்ணையும் சந்தேகித்துக்கொண்டே பார்க்க வேண்டிய கலை இது என்று புரிந்தது.

ஐந்தாவது இடத்தில் கதிர் சற்றுச் சாய்வாகப் பாய்ந்ததால் இரண்டு பற்களின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. “இதுல சொத்தை இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. இந்த ஒரு இடத்தை மட்டும் திரும்ப எடுத்தாத்தான் தெரியும்” என்றார். இன்னுமொரு எக்ஸ்ரேயா என்று நாங்கள் முகத்தைச் சுருக்கியதைப் பார்த்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட நான்கு படங்களுக்கு ஏறக்குறைய 5 மைக்ரோசீவர்ட் கதிர். உலகில் சராசரி மனிதருக்கு மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரே நாளில் கிடைக்கும் இயற்கைக் கதிர் 6 மைக்ரோசீவர்ட்டுக்கும் சற்று மேல் என்று கணக்குச் சொன்னார். மணவாளக்குறிச்சி மணல்வீடுகள் நினைவுக்கு வர, நாங்கள் பேசாமல் தலையசைத்தோம். குறைவு என்பதற்காகத் தேவையின்றி எடுக்கவும் கூடாது என்று அவரே சேர்த்துக்கொண்டார். மீண்டும் எடுத்த படத்தில் அந்த இடுக்கு தூய்மையாக இருந்தது.

ஆக, ஐந்தில் ஒன்று. எங்களுக்கு வெற்றிக் களிப்பு. அதைக் கலைத்தது முதியவர் மிகச் சாதாரணமாகக் கேட்ட ஒரு கேள்வி: “இதுக்கு முன்னாடி எடுத்த படம் ஏதாவது இருக்கா?”

இல்லை என்றோம். பழைய படம் ஒன்று இருந்திருந்தால் அருகருகே வைத்து, எது வளர்கிறது, எது நிற்கிறது என்று சொல்லியிருக்கலாம் என்றார். ஒற்றைப் படம் ஒரு கணத்தை மட்டுமே காட்டும். சொத்தையோ காலத்தில் நிகழ்வது. அத்தோடு இன்னொன்றும் சொன்னார். கனிமத்தில் 30 முதல் 40 சதவீதம் வரை கரைந்த பிறகே படத்தில் கருமை தெரியத் தொடங்கும். படம் எப்போதும் உண்மையைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். அப்படியானால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த முதல் பல் எந்த நிலையில் இருந்திருக்கும்? எனாமலுக்குள்ளேயே இருந்திருக்கக்கூடும், ஃபுளோரைடுப் பூச்சோடும் நூலோடும் நின்றிருக்கவும் கூடும். அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இழுப்பறையில் இருந்த சீட்டை இருவருமே ஒரே நேரத்தில் நினைத்தோம் என்பது வீடு திரும்பும்போதுதான் தெரிந்தது. அந்த வாரம் அடைத்த பல் எங்கள் மகள் வாழ்நாள் முழுதும் வைத்திருக்க வேண்டிய பல். சந்தேகம் மருத்துவர்கள் மீது மட்டும் வருவதும், நம்மீது வராதிருப்பதும் எத்தனை வசதியாக இருக்கிறது!

இதையொட்டி எங்கள் முறையும் வந்தது. எங்களில் ஒருவருக்கு ஈறு அடிக்கடி கசிவதைக் கேட்டறிந்த முதியவர், கடிசிறகை நாங்களும் கடித்தாக வேண்டும் என்றார். படத்தில் அவர் காட்டியது பல்லையன்று, எலும்பை. எனாமல் முடியும் கோட்டுக்குக் கீழே சுமார் 2 மில்லிமீட்டருக்குள் எலும்பின் விளிம்பு இருக்க வேண்டும். ஓரிரு இடங்களில் அது இன்னும் கீழே இறங்கியிருந்தது. இடுக்குகளில் சிறு முட்கள் போல் வெளுத்துத் தெரிந்தவை காரை.

அப்போதுதான் அப்பாவைப் புரிந்துகொண்டோம். எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமா. உமிக்கரியும் வேப்பங்குச்சியும் தவிர வேறெதையும் வாயில் வைக்காதவர். ஒரு சொத்தைகூட இல்லை என்பது அவருடைய பெருமைகளில் ஒன்று. அறுபதைத் தொடுமுன் அவருடைய பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்து, “பாருங்க, ஒரு பழுதும் இல்ல” என்று காட்டுவார். முறுக்கென்றால் உயிரை விடுபவர், கடைசிப் பத்தாண்டுகளைக் கஞ்சியிலும் குழைந்த சோற்றிலும் கழித்தார். எங்கள் கடலோரத்தில் கடலரிப்பில் சாயும் தென்னைகளைப் பார்த்திருக்கிறோம். மரத்தில் பழுதிருக்காது, நிலம் போயிருக்கும். அப்பாவின் பற்களுக்கும் அதுவே நடந்திருக்கிறது. நிலம் போவதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிறு படம் காட்டியிருக்கும். அவரை அழைத்துச் செல்ல எவருக்கும் தோன்றவில்லை. பற்கள்தான் நன்றாக இருந்தனவே.

மகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடுப் பூச்சு, இரவில் நூல், பல் துலக்கியபின் நுரையைத் துப்புவதோடு சரி, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது என்று விதிகள் வந்தன. அவளுக்குப் பிரியமான சர்க்கரைவரட்டியும் கடலைமிட்டாயும் பண்டிகை நாட்களுக்கு ஒதுங்கின. சரியாக ஓராண்டு கழித்து மறுபடியும் படம் எடுத்தோம். முதியவர் இரண்டு ஆண்டுகளின் படங்களையும் அருகருகே வைத்தார். பொறுத்துப் பார்த்த இரண்டு இடங்களில் ஒன்று அசையவே இல்லை. மற்றது எனாமலைத் தாண்டி டென்டினைத் தொட்டிருந்தது. வளையம் வைத்துப் பார்த்தபோது இம்முறை சிறு குழியும் விழுந்திருந்தது. அடைக்க வேண்டியதாயிற்று.

நாங்கள் அவரைப் பார்த்தோம். அவர் தயங்காமல், “ரெண்டையும் அன்னைக்கே அடைச்சிருந்தா ஒரு நல்ல பல் வீணாயிருக்கும். பொறுத்ததுல ஒண்ணு தப்பிச்சது, ஒண்ணு தப்பிக்கல” என்றார்.

ஐந்து என்ற இளம் மருத்துவரின் வாசிப்பில் இரண்டு இடங்கள் கடைசியில் மெய்யாகவே அடைக்க வேண்டியவையாக ஆயின. அவர் பொய் சொல்லவில்லை. கறுப்பைக் கறுப்பென்றே வாசித்தார். அவசரமாக வாசித்தார், அவ்வளவுதான். அதைவிட அவசரமாக அவரை நாங்கள் வாசித்தோம். பகற்கொள்ளை என்று சொன்ன நண்பர்களிடம் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அவர்களில் இருவர் அதற்குள் எங்கள் பேச்சைக் கேட்டுத் தங்கள் குழந்தைகளுக்குப் படம் எடுப்பதையே தள்ளிப்போட்டிருந்தார்கள். அவர்களிடம் இப்போது நாங்கள் சொல்வது சுருக்கமானது: படம் எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், எடுத்தபின் நகலை வாங்கி வையுங்கள், அடைக்கச் சொன்னால் கறுப்பு எதுவரை போயிருக்கிறது என்று கேளுங்கள். எல்லோருக்கும் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சொத்தை அபாயம் குறைந்த பெரியவர்களுக்கு 24 முதல் 36 மாதங்களுக்கு ஒருமுறை போதும் என்றும், அபாயம் மிகுந்த குழந்தைகளுக்கு 6 முதல் 12 மாதங்களுக்குள் வேண்டும் என்றும் வகுத்திருந்தது. அதே சங்கம் 2024-இல், பல் எக்ஸ்ரேக்கு ஈயக் கவசம்கூட இனி வேண்டியதில்லை என்றும், கற்றையைக் குறுக்குவதும் தேவையற்ற படத்தைத் தவிர்ப்பதுமே பாதுகாப்பு என்றும் பரிந்துரைத்தது.

மகளுக்கு இப்போது 15 வயது. சென்ற மாதம் எடுத்த படங்களைப் பழையவற்றோடு வைத்து அவளே ஒப்பிட்டுப் பார்த்தாள். அடைத்த இரண்டு இடங்கள் பளிச்சென்ற வெண்மையில். தப்பித்த இடம் அதே சிறு நிழலாக, அப்படியே. எல்லாவற்றையும் ஓர் உறையிலிட்டு மேசை இழுப்பறையில் வைக்கும்போது அடியில் அந்தப் பழைய துண்டுச் சீட்டு கிடைத்தது. “இது என்ன?” என்று கேட்டாள். சொன்னோம். ஒன்றும் பேசாமல் அதையும் உறைக்குள் வைத்துவிட்டு, நூல் கண்டை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் போய் நின்றாள். நாங்களும் அவள் பின்னால் வரிசையில் நின்றோம்.